மூன்று, இரண்டு

உறையில் ஐந்து பெயர்.
ஆறாவது ஆள் நான்.
ஆங்கிலத்தில் என் பெயர் எட்டு எழுத்து,
இடமில்லை என்று அச்சுக்காரன் சொன்னானாம்.
ஓரத்தில் ஒரு தென்னைமரம் வரைய மட்டும் இடமிருந்தது.

லாஸ் கித்தாஸ் என்று பெயர் வைத்தவன் ஜைலானி.
முன்னால் ‘லாஸ்’ போட்டால் ஸ்பானிஷ் ஆகிவிடும்,
கித்தா மரமே அந்தப் பக்கத்திலிருந்து
கப்பலேறி வந்ததுதானே,
தாளம் மட்டும் வரக்கூடாதா என்றான்.
கப்பலில் சமையல் பார்த்த அவன் மாமன்
பனாமாவில் வாங்கிய எட்டு இசைத்தட்டைக்
கருவாட்டுப் பெட்டியில் கொண்டுவந்திருந்தான்.
இன்றைக்கும் எங்காவது டிரம்பெட் கேட்டால்
எனக்கு நெத்திலி மணக்கும்.

லத்தீன் பாட்டு என்றதும்
பூசைப் பாட்டு என்று நம்பி வந்தான் ஆரோக்கியதாஸ்.
வந்தவன் போகவில்லை.
பேஸ் கித்தாரைத் தொப்புளுக்குக் கீழே தொங்கவிட்டு,
ஸ்பானிஷ் தெரியாத இடமெல்லாம்
‘ஓரா ப்ரோ நோபிஸ்’ போட்டு நிரப்பினான்.
கேட்டவர்கள் ஆடினார்கள்.
ஃபாதர் மட்டும் ஒருநாள் நின்று கேட்டுவிட்டு
சைக்கிளை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்த இசைக்கு மாட்டு மணி வேண்டும்.
எஸ்டேட்டில் மாடு நாற்பது, மணி ஒன்றும் இல்லை.
பெரட்டுக்கு அடிக்கும் தண்டவாளத் துண்டைத்
தண்டல் தரமாட்டார்.
மண்வெட்டியின் தலையைக் கழற்றி
கேசவன் அடித்துக்கொண்டிருந்தான்,
கல்யாணத்துக்கு வந்த ஊமைக் கோபக்காரன் மாதிரி.
கை நிறையக் கொசுவம் வைத்த சட்டைகளை
தைத்துக் கொடுக்கப் போனவள் நான்.
கொடு இங்கே என்றேன்.

எனக்கு எண்ணத் தேவையில்லை.
மரத்தின் முன் நில், ஒட்டுப்பாலை உரி, வெட்டு.
அது மூன்று.
மங்கைத் திருப்பி வை, நட.
அது இரண்டு.
ஒரு நாளைக்கு நானூறு மரம்.
சங்கிலிமுத்து டிரம்மை நிறுத்திவிட்டு
என் கையையே பார்த்தான்.
லியாவ் சீன மொழியில் ஏதோ சொன்னான்,
வாழ்த்தோ வசவோ,
இன்றுவரை கேட்கவில்லை.

எழுபத்து நாலில் சிங்கப்பூரில் ஒரே ஒரு தட்டு,
முந்நூறு பிரதி.
ரயிலில் போனதும் வந்ததும்
என் முழங்காலில் மண்வெட்டித் தலை.
விற்றது நூற்றுச் சொச்சம்.
மிச்சத்தை லியாவின் அப்பா
கத்தரித் தோட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார்.
கிளிகள் அதன் மேலேயே உட்கார்ந்தன.

பிறகு ஆளுக்கொரு பக்கம்.
ஜைலானி போலீஸ். கேசவன் சௌதி.
சங்கிலிமுத்துவுக்குக் குலிம் ஆஸ்பத்திரியில்
ஒரு மழை நாள்.
கித்தாவை வெட்டிச் சாய்த்து
செம்பனை நட்டார்கள்.
நான் கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டேன்.

இதெல்லாம் பெரிய சேதியில்லை.
சேதி என்னவென்றால்
இந்த ஊரில் யாரும் கதவைச் சும்மா தட்டுவதில்லை.
கேஸ் கொண்டுவரும் பையன் சிலிண்டரில் தட்டுவான்:
மூன்று, ஒரு மூச்சு, இரண்டு.
ரொட்டி சானாய் கடையில் மாவு மேசையில் விழுவது அப்படி.
திருவிழாவில் உறுமிப் பையன்கள்
சாமி இறங்கும் முன் ஒரு சுற்று அதையே போடுகிறார்கள்.
எங்கே பிடித்தீர்கள் என்றேன்.
இது நம்ம பாரம்பரியம் அக்கா என்றான் ஒருவன்,
காதில் கடுக்கன், பத்தொன்பது வயது.
சிரிப்பை ஊசி நூலோடு சேர்த்துக் கடித்துக்கொண்டேன்.

குலை ஏற்றும் ஷொஃபிகுல்
பங்களாதேஷிலிருந்து வந்து ஆறு மாதம்.
கிழிந்த சட்டையோடு முந்தாநாள் வந்தான்.
மலாய் அரைகுறை, தமிழ் நாலு வார்த்தை.
கதவில் மட்டும் பிசிறில்லாமல்
மூன்று, இரண்டு.
கூலி வாங்கவில்லை நான்.

நேற்று பேங்கிலிருந்து ஒருவன்.
நான்கு தட்டு,
அளவெடுத்து வெட்டியது மாதிரி நான்கு.
மெஷினை நிறுத்திவிட்டு
சத்தம் காட்டாமல் இருந்தேன்.